காயலான் கடையிலிருந்து ஒரு கோழிக்கூடு

முதல் கூட்டைக் கட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. கால் ஆடிய பழைய மேசையைக் கவிழ்த்துப் போட்டேன். நான்கு காலையும் சுற்றிக் கோழிவலையைக் கட்டினேன். மேலே ஒரு ஃபிளெக்ஸை விரித்து நான்கு செங்கல்லை வைத்ததும் வேலை முடிந்தது. இரண்டாவது வாரம் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், வலையில் ஒரு தலை நுழையும் அளவுக்குக் கிழிசல். நான்கு விடைக்கோழிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கீரி வேலை என்று தெருவே சொன்னது. பாவம், கீரி பகலில் திரிகிற பிராணி. ராத்திரியில் வந்து இப்படி மொத்தத்தையும் முடித்துவிட்டுப் போவது பெரும்பாலும் மரநாய்தான். சில ஊர்களில் காட்டுப்பூனை.

கோழியை உள்ளே வைத்திருக்க ஒரு பஞ்சாரம் போதும். கூடு கட்டுவது வெளியே சுற்றுகிறவர்களுக்காக. இதைப் புரிந்துகொண்ட பிறகு கட்டிய இரண்டாவது கூடு இன்னும் நிற்கிறது. அதன் எலும்பும் தோலும் காயலான் கடைச் சரக்கு. வலை, தாழ்ப்பாள், ஆணி, திருகு மட்டும் கடையில் புதிதாக வாங்கியவை. பழையதில் கை வைக்கும்போது நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: நிற்க வைக்கிற பொருள் பழையதாக இருக்கலாம், தடுக்கிற பொருள் புதியதாக இருக்கவேண்டும்.

கீழே சொல்வது 5 பெட்டை, 1 சேவல் இருக்கக்கூடிய கூட்டுக்கான வழி. பகலில் கொல்லையில் மேய்ந்துவிட்டு இரவில் வந்து அடைகிற நாட்டுக்கோழிக்கு ஆளுக்கு 2 சதுர அடி கொடுத்தால் போதும். பகலிலும் அடைத்தே வைப்பதென்றால் இந்த அளவு ஆகாது. கூட்டோடு சேர்த்து ஆளுக்கு 8 முதல் 10 சதுர அடி அடைப்பு வேண்டும்.

முதலில் பொருள், பிறகு அளவு

புதுசாகச் செய்கிறவர்கள் பேப்பரில் படம் போட்டுவிட்டுப் பொருள் தேடப் போவார்கள். பழைய சாமானில் அது நடக்காது. நீங்கள் 5 அடிக் கதவு கேட்டால் காயலான் கடையில் ஆறரை அடிக் கதவுதான் இருக்கும். கிடைத்ததைக் கொல்லையில் பரப்பி வைத்துப் பார்த்து, பிறகு அளவைத் தீர்மானியுங்கள்.

எனக்குச் சிக்கியவை: ஒரு பழைய இரும்புக் கட்டில், 6 அடிக்கு 3 அடி. ஒரு பிளைவுட் கதவு. நிலையோடு கழற்றிய 3 அடி அகலம், 4 அடி உயரமுள்ள கண்ணாடிச் சன்னல். நான்கைந்து தகரத் துண்டுகள். ஒரு முறிந்த மூங்கில் ஏணி. இதில் கட்டிலும் தகரமும் எடைக்கு வாங்கியவை. "என்ன, வீடு கட்டப் போறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். ஒரு வகையில் ஆமாம் என்றேன். கதவும் சன்னலும் அடுத்த தெருவில் இடித்துக்கொண்டிருந்த வீட்டில் கிடைத்தன. வீடு இடிக்கிற இடத்தில் மேஸ்திரியிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். சாயங்காலம் போனால் எல்லாம் லாரியில் ஏறியிருக்கும்.

கட்டில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சரக்கு வந்திறங்கும் மரப் பேலட்கள் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்திய மரம், தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டிய மரம். அதை விட்டுவிடுங்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

இலவசமாகக் கிடைக்கிறதே என்று கை நீளும். ஆனால் கோழி எதையும் கொத்திப் பார்க்கிற ஜென்மம், கொத்தியது நம் முட்டைக்கு வரும்.

பழைய பெயிண்ட் உரிகிற கதவு, சன்னல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மரத்தில் பெயிண்ட் பொருக்கு விட்டிருந்தால் கூட்டுக்கு எடுக்காதீர்கள். சுரண்டி எடுத்துவிடலாம் என்று தேய்க்கப் போனால் அந்தத் தூசி உங்கள் மூக்குக்குள் போகும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படித்தான். முழு ஷீட்டாக இருந்து, அறுக்காமல் துளைக்காமல் வைக்க முடிந்தால் ஒரு கதை. கிரைண்டர் வைத்து அறுப்பது கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் தங்கிப் பின்னால் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். எனக்கு ஓசியில் கிடைத்த இரண்டு ஷீட்டை வேண்டாம் என்றேன்.

பூச்சிமருந்து வந்த டப்பா, டிரம் எவ்வளவு கழுவினாலும் தீவனத்துக்கோ தண்ணீருக்கோ ஆகாது. சூடு தாங்கட்டும் என்று கூரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கோழிக்குத் தெர்மோகோல் என்றால் பொரி மாதிரி. ஒரே நாளில் காலி செய்துவிடும், அப்புறம் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும்.

சாமான் சேர்ந்ததும் எல்லா மரத்திலிருந்தும் பழைய ஆணிகளைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போடுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டு நாளாகியிருந்தால் இந்த வேலைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

இடமும் திசையும்

தண்ணீர் தேங்காத மேடு. பகலில் மரநிழல், ஆனால் கூரையின் மேல் கிளை தொடக்கூடாது. மரநாய்க்கு அது ஏணி. வீட்டின் படுக்கையறைச் சன்னலிலிருந்து கூடு தெரிகிற மாதிரி இருந்தால் ராத்திரி சத்தம் கேட்டதும் லைட் அடித்துப் பார்க்கலாம்.

நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைக் கொட்டகைகளும் இப்படித்தான் நிற்கும், அப்போதுதான் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் நீளப் பக்கத்தில் நேராக விழாது. தெற்குப் பக்கத்தை முன்பக்கமாக வைத்துத் திறந்து விடுங்கள், வலை மட்டும் போதும். மார்கழியில் தெற்கே சாய்ந்து வருகிற வெயில் உள்ளே வந்து ஈரத்தை உலர்த்தும். வடக்கில் கீழ்ப் பாதியை அடைத்துவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். மேற்கு முழுக்க அடைப்பு, கிழக்கு வலை. இது திருச்சியைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்துக்குச் சரியான கணக்கு. மலையடிவாரம், கடற்கரை என்றால் உங்கள் ஊரில் மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடித்தளம்: கட்டில்

கட்டிலைத் தலைகீழாகப் போடவேண்டாம், நிற்கிறபடியே நிற்கட்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் தானாகக் கிடைத்துவிடும். இந்த ஒன்றரை அடிக்கு மதிப்பு அதிகம். பெருச்சாளி அடியில் குழி பறித்து மேலே வர முடியாது, மழை ஈரம் ஏறாது, அடியில் விளக்குமாறு போகும். தரையோடு தரையாகக் கூடு கட்டுகிறவர்கள் சுற்றிலும் ஓரடி ஆழத்துக்கு வலையைப் புதைக்க வேண்டியிருக்கும்.

நான்கு காலுக்கடியிலும் தட்டைக்கல் வையுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையில் ஒரு கால் இறங்கிக் கூடு சாயும். துரு பிடித்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள்.

அதன் மேல் பிளைவுட் கதவைப் படுக்கப் போட்டு, கட்டில் சட்டத்தோடு நான்கு இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினால் தளம் தயார். வீட்டுக் கதவும் கட்டிலும் ஏறக்குறைய ஒரே நீளம். ஓரத்தில் இரண்டு மூன்று அங்குல இடைவெளி விழுந்தால் ரீப்பர் என்கிற ஒல்லியான மரச்சட்டத் துண்டு வைத்து மூடலாம். கதவின் மேல் ஒரு பழைய ஃபிளெக்ஸை விரித்து ஓரங்களை 4 அங்குலம் மேலே மடக்கி விடுங்கள். சுத்தம் செய்கிற நாளில் ஃபிளெக்ஸைக் குப்பையோடு சேர்த்து அப்படியே இழுத்து எருக்குழியில் கொட்டிவிடலாம். இந்த யோசனை எனக்கு மூன்றாவது மாதம்தான் வந்தது. அதுவரை சுரண்டிய சுரண்டலில் முதுகு போனது.

கால்களும் கூரையும்

நான்கு மூலைக்கும் சவுக்குக் கம்பு அல்லது 2 அங்குலச் சட்டம். தளத்துக்கு மேல் முன்பக்கம் 4 அடி, பின்பக்கம் மூன்றரை அடி. அரை அடிச் சரிவு தகரத்துக்குப் போதும். கம்பைக் கட்டில் காலோடு சேர்த்து வைத்து இரண்டு போல்ட், அதற்கு மேல் கட்டுக்கம்பிச் சுற்று. வெறும் கட்டுக்கம்பியை நம்பாதீர்கள், ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். வடக்குப் பக்கம் நடுவிலும் ஒரு கம்பு வேண்டும். முன்பக்கத்தில் அந்த வேலையைச் சன்னல் நிலை பார்த்துக்கொள்ளும்.

நிலையைத் தெற்குப் பக்கத்தின் நடுவில் நிறுத்தித் தளத்தோடும் மேல் சட்டத்தோடும் திருகி விடுங்கள். அதன் 4 அடி உயரம் முன்பக்க உயரத்துக்குச் சரியாக உட்காரும். கதவு, கீல், சட்டம் எல்லாம் ஏற்கனவே தச்சர் கையால் பொருத்தி வந்திருப்பதால் உங்களுக்குக் கதவு செய்கிற தலைவலி இல்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு வலை போடவேண்டும், குறுக்குக் கம்பிகளை ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடவேண்டும், அவ்வளவுதான். நடுவில் 3 அடிக்குத் திறப்பதால் உள்ளே எந்த மூலைக்கும் கை எட்டும்.

கூரைத் தகரம் முன்னும் பின்னும் முக்கால் அடியாவது வெளியே நீளட்டும். பழைய தகரத்தில் பழைய ஓட்டைகள் இருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். சாக்பீஸால் வட்டமிட்டு எம்-சீல் அல்லது தார் வைத்து அடையுங்கள். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்கவேண்டும், பள்ளத்தில் அடித்தால் அதுவே புது ஓட்டை. தகர நெளிவுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே வரிசையாக ஓட்டை தெரியும், அதை வலைத் துண்டு வைத்து அடையுங்கள். எலி வருகிற வழி அது.

தகரம் மட்டும் என்றால் சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மேலே தென்னங்கீற்று இரண்டு அடுக்கு போட்டுக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மத்தியானம் கீற்றின் மேல் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் உள்ளே நன்றாகக் குளிரும்.

வலை

இங்கே காசு செலவழியுங்கள். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை வெளியே விடாமல் வைத்திருக்கும், நாயையும் மரநாயையும் உள்ளே விடாமல் வைத்திருக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, கேளுங்கள். பெரிய கண்ணில் பாம்பும் எலியும் நுழையும். மரநாய் வெளியே நின்றபடியே கையை விட்டுக் கோழியின் காலை இழுக்கும்.

4 அடி அகல ரோலில் 12 அடி இந்தக் கூட்டுக்குக் கச்சிதமாக வரும்: சன்னல் கதவுகளுக்கு 3 அடி, சன்னலின் இருபுறமும் சேர்த்து 3 அடி, கிழக்குக்கு 3 அடி, மிச்ச 3 அடியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் வடக்கின் மேல் பாதிக்கு ஒன்றரை அடிப் பட்டை. வெட்டுப் பிழைக்கும் கூரை இடுக்குக்கும் சேர்த்து 15 அடியாக வாங்கிவிடுங்கள்.

யூ ஆணியை 4 அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, அதன் மேல் ஒரு ரீப்பர் பட்டையை வைத்துத் திருகுங்கள். வலை இரண்டு மரத்துக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், பிய்க்க முடியாது. முடித்ததும் கையால் பிடித்து உங்கள் பலம் முழுக்கக் கொடுத்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெட்டிய முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கிவிடுங்கள், கோழியின் கொண்டை கிழியும்.

மேற்குக்கும் வடக்கின் கீழ்ப் பாதிக்கும் மிச்சத் தகரம், பலகை, எது இருக்கிறதோ அது. மேலே உள்ள வலைப் பட்டையை மட்டும் மூடாதீர்கள். குளிர் காலத்தில் பாவப்பட்டு நாலு பக்கமும் சாக்கு கட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. நம் ஊரில் குளிரால் சாகிற பெரிய கோழி அபூர்வம். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா புகையால் மூச்சு கெட்டு நோய் பிடிக்கிற கோழிதான் அதிகம். காலையில் கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். மூக்கு எரிந்தால் காற்று போதவில்லை, அல்லது தளத்தில் பரப்பிய கூளம் ஈரமாக இருக்கிறது. சாரல் அடிக்கிற இரவுகளுக்கு மட்டும் வடக்கில் ஒரு சாக்கைச் சுருட்டித் தொங்கவிட்டு வையுங்கள்.

தாழ்ப்பாள் இரண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று. குரங்கு வருகிற ஊரென்றால் ஒரு சின்னப் பூட்டும் சேர்த்து. குரங்குக்குக் கொக்கித் தாழ்ப்பாள் ஒரு பொருட்டே இல்லை, முட்டையும் அதற்குப் பிடிக்கும்.

உள்ளே

மூங்கில் ஏணியை மேற்கு ஓரத்தில் சாய்த்து வைத்துக் கட்டினேன். ஏணிப்படி உட்கார அருமையான இடம், ஆளுக்கு 8 அங்குலம். ஏணி இல்லாவிட்டால் மண்வெட்டிப் பிடி கனத்தில் உருண்டைக் கம்பு, தளத்திலிருந்து 2 அடி உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இரும்புக் குழாயும் பிவிசி பைப்பும் வேண்டாம், வழுக்கும்.

முட்டையிட 2 இடம் போதும், 5 பெட்டையும் எப்படியும் ஒரே பெட்டிக்குத்தான் சண்டை போடும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கழுவிப் படுக்கப் போட்டு, உருளாமல் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, உள்ளே வைக்கோல். வாய் உடைந்த மண்பானையும் நன்றாக இருக்கும், பழைய ஆட்கள் அதைத்தான் வைப்பார்கள். இருட்டான மூலை வேண்டும், அடையும் கம்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். உயரமாக வைத்தால் ராத்திரி அதில் ஏறித் தூங்கி எச்சத்தால் நாசமாக்கிவிடும்.

தளத்தில் 2 முதல் 3 அங்குலத்துக்கு உமி, மரத்தூள் அல்லது கடலைத்தோல். வாரம் இருமுறை கிளறிவிடவேண்டும், கட்டிதட்டிய இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதியது போடவேண்டும். கூட்டுக்கு வெளியே, கூரை விளிம்புக்கு அடியில், ஒரு பழைய டயரைப் போட்டு மணலும் அடுப்புச் சாம்பலும் நிரப்பி வையுங்கள். கோழி அதில் புரண்டு குளித்துப் பேனை உதிர்த்துக்கொள்ளும்.

உண்ணி

பழைய மரத்தில் கட்டுவதன் உண்மையான விலை இதுதான். கோழி உண்ணி பகல் முழுக்க மர இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் வந்து ரத்தம் குடிக்கும். கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கொண்டை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். இரை இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியது என்பதால், பழைய கூட்டிலிருந்து எடுத்த மரம் காய்ந்து கிடந்ததே என்று நம்பாதீர்கள்.

அதனால் கோழி வருவதற்கு முன்பே எல்லாப் பழைய மரத்திலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவிட்டு, விரிசல்களை மக்கு வைத்து அடைத்து, சுண்ணாம்பு இரண்டு முறை அடியுங்கள். கிளிஞ்சலை நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு. கம்பின் முனை சட்டத்தைத் தொடுகிற இடம்தான் உண்ணியின் தலைமையகம். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் பிடிபடும்.

கோழி வருகிற நாள்

அதற்கு முந்தின நாள் காந்தத்தோடு ஒரு வேலை இருக்கிறது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கூட்டைச் சுற்றி மண்ணில் இழுத்துப் போங்கள். எனக்கு முப்பது ஆணிக்கு மேல் வந்தது, நான் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டேன் என்று நினைத்த பிறகு. மின்னுகிற ஆணியைக் கோழி விழுங்கினால் இரைப்பை கிழியும்.

வாங்கும்போதே வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். போடாவிட்டால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். அந்த நோய் வந்தால் எவ்வளவு நல்ல கூடும் காப்பாற்றாது.

பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து உள்ளே விடுங்கள். முதல் 5 நாள் வெளியே விடவேண்டாம், தீவனமும் தண்ணீரும் உள்ளேயே. அப்போதுதான் இது தன் இடம் என்று பழகும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே திறந்துவிட்டால் சாயங்காலம் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கீழே நின்று பா பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கவேண்டியதுதான். ஆறாம் நாள் மாலை நாலரை மணி வாக்கில் திறந்துவிடுங்கள். இருட்ட ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும், தூரம் போகாது. கருக்கலில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ஏறும்போது எண்ணிக்கொள்ளுங்கள். ஆறும் வந்ததும் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள்.